தம்பி வீட்டில் தனி அடுப்பு

எனக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகை, நான் தம்பி வீட்டுக்குக் குடிவந்த பிறகு நின்றுபோனது. வந்தது தப்பா என்று கேட்டால் தப்பில்லை. வராமல் இருந்திருக்கலாமா என்று கேட்டால், அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பேன். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். கண் மங்கிய பிறகு அதுவும் குறைந்துபோய், ஊனத்துக்காகக் கொடுக்கிற உதவித்தொகைதான் ஆதாரமாக இருந்தது. பெரிய பணம் இல்லை. ஆனால் என் பேருக்கு வந்தது. தம்பி வீட்டுக்கு நான் ஒரு நாளும் வெறுங்கையோடு போனதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமாவது, ரெண்டு முழம் பூவாவது கையில் இருக்கும். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று தம்பி மனைவி வாசலிலேயே கேட்டுக்கொண்டு வாங்கிக்கொள்வாள். அதைக் கேட்பதற்காகவே போவேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன மழைக்காலத்தில் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன். பக்கத்து அறைக்காரி தம்பிக்குப் போன் போட்டாள். ஆட்டோவோடு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனவன், அந்த அறைக்குத் திரும்ப விடவில்லை.

"இனிமே நீ இங்கதான். அதைப் பத்திப் பேச்சே கெடையாது," என்று சொல்லிவிட்டான்.

அவன் மனைவி அதற்கும் மேலே போய், என் பெயரைத் தங்கள் ரேஷன் கார்டில் சேர்த்தாள். எனக்கும் அரிசி வாங்கலாம், ஆஸ்பத்திரிக்குக் காட்டலாம் என்று நல்ல மனசோடு செய்ததுதான். அடுத்த மாதம் பணம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

தாலுகா ஆபீஸுக்குப் போனோம். மேசையில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இது ஊனமுற்றவங்கள்ல ஆதரவு இல்லாதவங்களுக்குக் குடுக்கறது. உங்க பேரு இப்ப தம்பி கார்டுல இருக்குது. அவரு சம்பாரிக்கிறாரு. அப்புறம் எப்பிடி?"

"பேரை எடுத்துட்டா சரியா போயிடுங்களா?" என்று தம்பி கேட்டான்.

"தனி கார்டு போடணும். அதுக்குத் தனிச் சமையல் இருக்கணும். ஒரே வீடா இருந்தாலும் தனியா பொங்கித் திங்கறாங்களான்னு நேர்ல வந்து பாப்பாங்க."

"எப்போ வருவாங்க?"

"வருவாங்க."

அன்றே தம்பி ஒற்றை அடுப்பும் ஒரு சின்ன சிலிண்டரும் வாங்கி வந்தான். தான் நெசவு செய்கிற தறி இருக்கிற கூடத்துக்குப் பின்னால், நான் தரையில் உட்கார்ந்து சமைக்கத் தோதாக வைத்தான். ஆபீஸிலிருந்து வருகிற அன்றைக்கு மட்டும் பற்றவைத்தால் போதும் என்பது அவன் யோசனை. எனக்கு அது ஒத்துவரவில்லை. வருகிறவர் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நிஜமாகவே தனியாகப் பொங்க ஆரம்பித்தேன்.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால், சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் தெருவில் அர்த்தம். எதிர் வீட்டுக்காரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தம்பி மனைவியிடம் கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, நாத்தனாரை ஒதுக்கி வெச்சிட்டியாமே? கால் வெளங்காத பொம்பள, தரையில உக்காந்து பொங்கிக்கினு இருக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருக்குதுமா."

தம்பி மனைவி பாதிக் குடத்தோடு வீட்டுக்குள் வந்து அழுதாள். அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டுவந்து என் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாம்மா. ஆபீஸ்காரங்க வந்துட்டுப் போவட்டும்."

"குழம்புல பேரா எழுதியிருக்குது? யாரு ஊத்துனதுன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உங்க ரோஷத்தை வெச்சிக்கினு நான் இன்னாக்கா பண்ணுவேன்," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். தறியில் இருந்த தம்பிக்கு இது கேட்டது. மத்தியானம் அவள் சமையலைச் சாப்பிட்டு எழுந்தவன், நேராக என்னிடம் வந்து என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நாங்க உனக்குப் போட்டாத்தானே தப்பு? நீ எனக்குப் போட்டா எவன் கேப்பான்?"

அவன் மனைவி அங்கிருந்தே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். தெரிந்த நாளுக்குக் காத்திருக்கலாம், இது நாள் தெரியாதது. வாசலில் ஸ்கூட்டர் நின்றால் எழுந்திருக்கப் பார்ப்பேன். பால்காரராக இருக்கும், நூல் கொண்டுவருகிறவராக இருக்கும். திரும்ப உட்காருவேன். உட்கார்ந்தால் என் அடுப்புப் பக்கத்தில் என் உப்பு ஜாடி இருக்கிறதா என்று பார்ப்பேன். வைகாசியில் கருட சேவைக்கு வரதர் இரண்டு தெரு தள்ளி வந்தார், மேளம் கேட்டது. நான் போகவில்லை. "இந்த விடியக்காலையில எந்த ஆபீஸர் வருவாங்க?" என்று தம்பி கேட்டான். நியாயம்தான். அப்பவும் போகவில்லை.

இடையில் காலுக்குத் தேய்க்கிற தைலம் தீர்ந்துபோனது. முன்பெல்லாம் தீர்ந்தால் வாங்குவேன், அவ்வளவுதான். இப்போது அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன், அவள் வேலையாக இருப்பாள். சாயங்காலம் நினைப்பேன், அவன் கூலி வரவில்லை என்று பேசிக்கொண்டிருப்பான். காலி பாட்டிலை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். பிறகு வெட்கமாகிப்போய் எடுத்து மறைத்தேன். அவளே பார்த்து வாங்கி வந்தபோது, "எதுக்கும்மா?" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை நன்றாக இல்லை.

ஆனி கடைசியில் அந்த நாள் வந்தது. ஸ்கூட்டரில் வந்தவள் சின்னப் பெண். நான் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். என் அடுப்பு, என் சட்டி, என் தட்டு, எல்லாம் வேண்டியபடியே இருந்தது. "அடுப்புகிட்டயே இருங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்துவிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறிக் குழியிலிருந்து ஏறி வந்தான். பனியனெல்லாம் நூல் துணுக்கு.

"யாரும் பாக்கறதில்லீங்க. நான் ஒண்ணும் குடுக்கறதும் இல்ல. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்குது," என்றான்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னான். எதிர் வீட்டுக்காரி எங்கள் வாசலில் நின்றாள், அவளுக்கும் கேட்டது. சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் மனைவி சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

கூடப் பிறந்தவன் கண்ணெதிரே நிற்கும்போது, எனக்கு யாரும் இல்லை என்று வீட்டுக்குள் ஒரு வார்த்தை விழுவதா? கோபத்தில்கூட எங்கள் பக்கம் அப்படிச் சொல்ல விடமாட்டார்கள், அவன் ஆயுசுக்கு ஆகாது என்று வாயைப் பொத்துவார்கள். இவன் தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறான்.

"அவன் பொய் சொல்றாம்மா," என்றேன். "விழுந்து கெடந்தப்போ தூக்கிக்கினு வந்தது அவன்தான். இன்னிக்குக் காலையில என்னைக் கைத்தாங்கலா குளிக்கக் கூட்டிக்கினு போனது அவன் பொண்டாட்டி. தனியா பொங்கறது நெசம். யாரும் இல்லன்னு மட்டும் எழுதாத."

அந்தப் பெண் கையில் இருந்த போனைக் கீழே இறக்கினாள்.

"அம்மா, நீங்களே இப்பிடி சொன்னா நான் எப்பிடி எழுதறது?"

"நடந்ததை எழுது."

"நடந்ததை எழுதினா பணம் வராதும்மா. நீங்க தனியா ஒரு ரூமுல இருந்தீங்கன்னா வேற மாதிரி பாக்கலாம். தம்பி ஊட்டுல இருந்துக்கினு கஷ்டம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் என்னைத்தானே திட்டிக்கினேன், உன்னையா சொன்னேன்?" என்றான் தம்பி.

"சோறு கொழஞ்சிடுச்சு, போ," என்றேன். அவன் அப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. அவன் மானம் நின்றது, என் பணம் போயிற்று. இனி தைலத்துக்கும் வெற்றிலைக்கும் சோப்புக்கும் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. சுளிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பவள் நான்.

ஒரு நாள் தம்பி மனைவியிடம், "எனக்கு ஒரு ரூம் பாரும்மா," என்றேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"நானும் அதான்கா நெனச்சேன். அட்வான்ஸை என் சீட்டுப் பணத்துல குடுக்கறேன். பணம் வந்ததும் திருப்பிக் குடுத்துடுங்க. கடனாத்தான், சும்மா இல்ல."

அன்று சாயங்காலமே தெருவில் விசாரிக்கக் கிளம்பிவிட்டாள். எதிர் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "இன்னா, கடைசியில தொரத்தியே உட்டுட்டியா?"

"ஆமாக்கா, தொரத்தறேன். உங்க ஊட்டுல ரூமு காலியா இருந்தா சொல்லுங்க, அங்கயே தொரத்தறேன்."

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை எழுந்துபோய் அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

அறை கிடைத்துவிட்டது, இங்கிருந்து மூன்றாவது வீடு. ஆனால் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யாரும் குடிபோவதில்லை. ஆவணி வரைக்கும் இங்கேதான். புடவைகளை மூட்டை கட்டினேன். நடுவில் ஒன்று தேவைப்பட்டு அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன். அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் வீட்டு வாசல் தெரியும், கூப்பிட்டால் காது கேட்கும், குழம்பை ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடலாம் என்று தம்பி மனைவி சந்தோஷமாகச் சொல்கிறாள். எனக்கு வேறு யோசனை. திரும்ப மனு போட்டால் திரும்ப ஒருவர் வருவார். ஜன்னல் வழியாக வருகிற குழம்பும் ஆதரவில் சேருமா என்று யாரைக் கேட்பது? அந்த ஸ்கூட்டர் பெண்ணைக் கேட்கலாம் என்றால், கேட்ட பிறகு அவள் அதையும் ஆதரவு என்று எழுதிவிட்டால் என்ன செய்வது?