நான் தலையாட்டிய நோட்டீஸ்

என் மகள் தகவல் தொடர்பில் முதுகலை படிக்கிறாள். சனங்களுக்கு எடுத்துச் சொல்லி, பழக்கத்தை மாற்றுகிற படிப்பாம். நான் ஐந்தாவதோடு நின்றவன். கொசு ஒழிப்புக்கு அவள் எழுதிய நோட்டீசை எனக்குத்தான் முதலில் படித்துக் காட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாயிருக்கு தாயி" என்றேன்.

எங்கள் தெருவான மடவார் வளாகத்தில் வீடு வீடாகக் கொடுத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் கொசு முட்டையிடும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லை. கழுவினால்தான் அவளுக்கு மார்க். நோட்டீசில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டாள்; ஏதோ உளறினேன்.

"ஒங்களுக்குப் புரிஞ்சுச்சுன்னுதானப்பா அச்சடிச்சேன்!"

"ஏட்டி, படிச்ச பிள்ளகிட்ட புரியலைன்னு எப்பிடிச் சொல்லுவேன்?" என்று நானும் கத்திவிட்டேன்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப தெருவே இப்பிடித்தான் தலையாட்டுச்சா?"

மறுநாள் வேறு மாதிரி எழுதி வந்து, புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது வரியிலேயே புரியவில்லை. பழக்கத்தில் தலையாட்டப் போனேன். "சொல்லுங்கப்பா" என்று முகத்தையே பார்த்தாள்.

"புரியல" என்றேன். சந்தோஷமாக அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

பெற்ற மகளிடம் ஒரு சொல் சொல்ல இம்புட்டுக் கூச்சமா என்று என்மேலேயே எனக்கு எரிச்சல்.