மாத்திரைக் கலர்

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலைக்குத் தண்ணீர் இறைக்கிறவர் பேயாண்டி. காசநோய் வந்து இளைத்துப்போனவருக்கு மாத்திரை கொடுத்த அன்றே நர்ஸ் முனீஸ்வரி சொல்லியிருந்தாள்: "அண்ணே, மூத்திரம் செவப்பாத்தான் போகும். அது மாத்திரைக் கலரு. பயந்துக்கிட்டு நிப்பாட்டிப்புடாதீக."

அவர் பயப்படவில்லை. இருமல் அடங்கியது, கன்னத்தில் சதை வைத்தது. பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். வைகாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். ஒரு பொழுதுதான் சாப்பாடு. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டியது.

"விரதத்துல வாந்தி எடுத்தா ஆத்தாவுக்கு ஆகாதுடி. காப்பு அவுத்ததும் சேத்துப் போட்டுக்கிறேன்."

"சேத்து வைக்க இது என்ன இட்லி மாவா?" என்றாள் மனைவி ஜெயக்கொடி. ஆனாலும் மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் எடுத்து வைத்தது அவள்தான்.

தீச்சட்டி எடுத்தார். கையில் ஒரு கொப்புளம் இல்லை. காப்பை அவிழ்த்ததும் யாரையும் கேட்காமல் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். அன்று சாயந்தரமே குளிர்காய்ச்சல், இடுப்பு வலி. மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போனது. பிறகு அளவும் குறைந்துகொண்டே வந்தது.

"ஏங்க, கடுங்காப்பி மாதிரியில்ல இருக்கு?"

"மாத்திரைக் கலருடி. முனீஸ்வரி சொன்னது மறந்துபோச்சா?"

முகமும் காலும் வீங்கிய பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். "நடுவுல மாத்திரையை விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்று ஜெயக்கொடி முந்திக்கொண்டாள். ஆத்தா மேல் பழி விழுந்துவிடக் கூடாது அவளுக்கு.

பேயாண்டி, காப்பு இருந்த மணிக்கட்டைத் தடவினார். "விட்டேன்யா."

விட்டுவிட்டுத் திரும்பப் போடும்போது சிலருக்கு உடம்பு அந்த மருந்தை எதிர்க்கும், அடி சிறுநீரகத்தில் விழும் என்றார் டாக்டர். அந்த மருந்தை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடுமாம். இவருக்கு ஆவணி முடிந்தும் தேறவில்லை.

பாத்தி பாத்தியாகத் தண்ணீர் இறைத்த மனுஷனுக்கு இப்போது குடிக்கிற தண்ணீரும் அளவுதான். காலையில் ஜெயக்கொடி மூத்திரம் பிடிக்கிற அளவுக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கலரு சுத்தமாப் போயிருச்சுங்க."

"கலரு கெடக்கு. எம்புட்டு இருக்கு?"

அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

"நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்ல."

அவர் லேசாகச் சிரித்தார். "டாக்டர்ட்டயும் இப்படித்தான் சொன்ன."

அவள் குப்பியைக் கழுவப் போனாள்.