அம்மா தண்ணி வாத்துட்டு இருக்காங்க

திருப்பூரில் ஒருத்தியின் வீட்டு நிலவரம் தெரிய வேண்டுமென்றால், ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்று கேட்டால் போதும். காலையில் கம்பெனிக்குள் நுழைந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவள் ஐந்தரைக்கே கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்றரைக்கு மாறிவிடுவாள். அதனால் எங்கள் கம்பெனியில் யாரும் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை. "பொண்ணு ஒண்ணரைக்குத் தாங்குமா?" என்றுதான் கேட்பார்கள்.

என் பெண் தாங்குவாளா என்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. அவள் அப்போது ஆறாவது படித்தாள். அதுவரை பள்ளி வேன் அவளை அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இறக்கிவிடும். நான் வேலை முடிந்ததும் போய்க் கூட்டிக்கொண்டு, பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வருவோம். அந்த நடைக்காகத்தான் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வழி முழுக்க வாய் ஓயாமல் பேசுவாள். யார் யாரோடு டூ விட்டது, கணக்கு மிஸ் யாரைப் பெஞ்சு மேல் ஏற்றினார், தண்ணீர்ப் பாட்டில் எப்படித் தொலைந்தது. ஒரு கதையை ஆரம்பித்து, நடுவில் இன்னொன்றுக்குத் தாவி, வீட்டுப் படியில் கால் வைக்கும்போது முதல் கதைக்குத் திரும்பி வருவாள்.

எனக்குச் செக்கிங்கில் வேலை. தைத்து வரும் பனியனை விரித்துப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் என்று குறை தேட வேண்டும். இந்த வேலை கையோடு நின்றுவிடாது, குணத்திலும் ஏறிவிடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை சட்டையின் காலரைத்தான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்கு அவள் பேச்சில் மட்டும் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

டியூஷன்காரப் பெண் கல்யாணமாகிக் கணியூர்ப் பக்கம் போய்விட்டாள். அதே சமயத்தில் எங்கள் செக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ் வேலையை விட்டு நின்றுகொண்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க பாத்துக்கறீங்களாம்மா? ஆனா இன்சார்ஜ்னா ஒண்ணரை இருந்தாகணும். அஞ்சரைக்கு ஓட முடியாது. ஒரு வாரம் இருந்து பாருங்க. அடுத்த திங்கக்கிழமை முடிவு சொல்லுங்க."

அந்த வேலை மேல் எனக்கு ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். பல வருஷமாக நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. இன்சார்ஜுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதைவிட, நாலு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்களே, அது பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஏற்றுமதிப் பெட்டிகளைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும், "எதுக்கும் நீ பாத்துச் செய்யி" என்றார். எங்கள் வீட்டின் எல்லா முடிவுகளையும் அவர் இப்படித்தான் எடுப்பார்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டு ஓனரம்மா அப்படி விடவில்லை. "ஏனுங்க கண்ணு, பொட்டப்புள்ளயத் தனியா ஊட்டுல உட்டுப்போட்டு எட்டரை வரைக்கும் எப்படீங்க? நான் கீழதான் இருக்கறனுங்க. ஆனா எனக்குக் காது கேக்கறதில்ல, டிவி வேற ஓடிட்டே கெடக்குது." காவலுக்கு ஆள் இருக்கிறது என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் அவளையே கேட்டேன். "தனியா இருந்துக்குவியா கண்ணு?"

"நான் என்ன பாப்பாவா? நீதாம்மா பயப்படற."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயிற்சி. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. மொட்டை மாடிக்கு ஏறக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றைக் கதவில் மாட்டி, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டோம். நான் வந்தால் என் சாவியில் திறந்துகொண்டு வருவேன், தட்டுவது யாராக இருந்தாலும் அது அம்மா இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தனியா இருக்கேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அம்மா தண்ணி வாத்துட்டு இருக்காங்க, அப்புறமா வாங்கன்னு சொல்லோணும்."

எங்கள் பக்கம் குளிப்பதைத் தண்ணி வாத்துக்கிறது என்போம்.

"அரை மணி நேரம் கழிச்சு மறுபடி வந்தாங்கன்னா?"

"அப்பவும் தண்ணி வாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அவ்வளவு அழுக்காம்மா நீ?"

நானே வெளியே நின்று குரலை மாற்றிக் கதவைத் தட்டிப் பார்த்தேன். கேஸ்காரருக்குத் திறக்கவில்லை. கூரியர்காரருக்கும் திறக்கவில்லை. அப்பாவின் சிநேகிதர் என்றதும் திறந்துவிட்டாள். "ஆல்டர்" என்றேன். சரிசெய்து கொண்டுவா என்று தையலுக்குத் திருப்பி அனுப்பும் பனியனுக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த முறை அப்பாவின் சிநேகிதர் என்ன சொல்லியும் கதவு திறக்கவில்லை.

திங்கட்கிழமை தொடங்கிய அந்த வாரத்தில் எதுவும் தப்பாக நடக்கவில்லை. ஒவ்வொரு இரவும் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக் கதவைத் திறப்பேன். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு உட்கார்ந்திருப்பாள்.

"இன்னைக்கு என்ன கண்ணு ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா."

அந்த ஒன்றும் ஆகவில்லைதான் என்னை என்னவோ செய்தது. ஒன்றும் ஆகாமல் ஒரு ஆறாவது வகுப்பு எப்படி நடக்கும்? சாயங்காலம் சொல்லியிருந்தால் அது கதை. எட்டரைக்கு அவளுக்கே அது பழசாகிவிட்டது. தோசையைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். தூங்குகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளுக்காக ஏங்கினேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட் சீக்கிரமே கிளம்பிவிட்டது. மேஜையில் பார்க்கப் பனியன் எதுவும் இல்லை. மேனேஜரே, "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். ஓட்டமும் நடையுமாகப் பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவுக்கு முன்னால் நின்று சாவியை எடுத்துவிட்டேன். ஆனால் போடவில்லை. அவளாகக் கதவைத் திறக்க வேண்டும், என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. தட்டினேன்.

உள்ளே டிவி சத்தம் நின்றது. "யாருங்க?" என்று குரலைத் தடிப்பாக்கிக் கேட்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி தட்டினேன்.

உள்ளே ஓடும் காலடிச் சத்தம். பிறகு பாத்ரூமில் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்கம்மா."

பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள்.

"சரிம்மா, சொல்லிடறேன்."

பிறகு கதவருகே வந்து சொன்னாள். "அம்மா தண்ணி வாத்துட்டு இருக்காங்க. அப்புறமா வாங்க."

தண்ணீர்ச் சத்தமும், வீட்டில் இல்லாத அம்மாவைக் கூப்பிடுவதும் நான் சொல்லிக்கொடுத்தவை இல்லை. என் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. திறந்துவிடு கண்ணு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை ஏமாந்துபோய்த் திறந்துவிடு. திங்கட்கிழமை நான் மேனேஜரிடம், பொண்ணு இன்னும் சின்னப்புள்ளைங்க சார் என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கே வந்துவிடுவேன். என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொரு முறை தட்டினேன். கதவு திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் குறை கண்டுபிடித்தவளுக்கு அன்றைக்கு ஒரு குறை கிடைக்கவில்லை.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் உள்ளே மறுபடியும் தண்ணீர்ச் சத்தம், அதோடு அவள் பேச்சு.

"அம்மா, இன்னைக்குக் கணக்கு மிஸ் என்ன பண்ணுனாங்க தெரியுமா? எல்லாரும் கணக்குப் போட்டுட்டு இருந்தமா, அப்ப கரண்ட் போயிருச்சு..."

ஒரு மக் தண்ணீர். பிறகு கொஞ்சம் கதை. இன்னொரு மக் தண்ணீர். நடுவில் வேறு கதைக்குத் தாவி, திரும்பவும் கணக்கு மிஸ்ஸிடம் வந்தாள். ஒரு வாரமாக நான் கேட்டுக் கேட்டும் கிடைக்காத பேச்சு. நான் பன் பொட்டலத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே தண்ணி வாத்துக்கொண்டிருந்தாளே ஒரு அம்மா, அவள் மேல் எனக்கு வந்த பொறாமை அதற்கு முன்னும் பின்னும் யார் மேலும் வந்ததில்லை.

கதை பாதியில் நின்றது. காது கொடுத்துக் கேட்கிறாள் போலிருக்கிறது. அதற்கு மேல் அவளைப் பயமுறுத்த மனசில்லாமல் எழுந்து சாவியைப் போட்டேன்.

கையில் மக்கோடு பாத்ரூம் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் முதலில் கோபமாகி, பிறகு கோணிக்கொண்டது.

"சாவி வெச்சுக்கிட்டு ஏம்மா தட்டுன? எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

இழுத்து அணைத்துக்கொண்டேன். கவுனின் கை இரண்டும் நனைந்திருந்தன. அவள் தோளுக்கு மேலாகப் பக்கெட்டைப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் அப்படியே இருந்தது.

"கொட்டலம்மா. மொண்டு மொண்டு அதுலயேதான் ஊத்துனேன்." தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் வளர்ந்த பிள்ளை.

"உள்ள யாருகிட்டப் பேசிட்டு இருந்த?"

"வந்த ஆளு போயிட்டாங்களான்னு தெரியலல்ல? பேச்சுச் சத்தம் நின்னா அம்மா இல்லன்னு கண்டுபிடிச்சுருவாங்க."

தட்டில் பன்னை வைத்துக் கொடுத்தேன். அழுகை போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். "கரண்ட் போனதும் மிஸ் என்ன பண்ணுனாங்க? மீதியைச் சொல்லு கண்ணு" என்றேன்.

"அது முடிஞ்சு போச்சும்மா."

திங்கட்கிழமை மேனேஜரிடம், "சரிங்க சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலங்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. சமைக்கக் கற்றுக்கொண்டாள். நான் வரும்போது எனக்கே தோசை சுட்டுக் கொடுத்தாள். என்னைவிடக் கெட்டிக்காரியாக வளர்ந்தாள், அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. இப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். போன் செய்தால், "சாப்ட்டியாம்மா? கால் வலி எப்படி இருக்கு?" என்று என்னைத்தான் விசாரிப்பாள். அவளைப் பற்றிக் கேட்டால், பழையபடி "ஒண்ணும் ஆகலம்மா"தான். எனக்குக் கீழே இன்னொரு பெண்ணை வேலைக்குத் தயார் செய்துவிட்டேன். நினைத்தால் ஐந்தரைக்கே கிளம்பலாம். கிளம்பி வந்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ஒரு நாள் அப்படிச் சீக்கிரம் வந்திருந்தேன். வீட்டுக்காரர் தூத்துக்குடி போயிருந்தார். கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற ஆள், தெரியாத முகம்.

"ஊட்டுல வேற யாரும் இல்லீங்களா?"

"இருக்காங்க. பொண்ணு தண்ணி வாத்துட்டு இருக்கா. அப்புறமா வாங்க."

சரிங்க என்றார். ஜன்னலைச் சாத்தினேன். படி இறங்கிவிட்டாரா என்று தெரியவில்லை. பேச்சுச் சத்தம் நிற்கக் கூடாதே. பாத்ரூம் பக்கம் திரும்பி, "கண்ணு, இன்னைக்குக் கம்பெனியில என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.