பக்கவாட்டில் நடந்த மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் 'நண்டு' என்று பெயர் வைத்திருந்தேன். அவர் காதில் விழுந்திருந்தால் பாராட்டு என்றே நினைத்திருப்பார்.

அவருக்குக் கண்ணாடிச் சாமான் கடையின் கிடங்கில் வேலை. அலமாரிகளுக்கு நடுவே ஆள் நேராகப் போக இடமிருக்காது. வலது தோளை முன்னே விட்டு, வயிற்றை எக்கி, தம்ளர் அடுக்கிய தட்டை நெஞ்சோடு அணைத்துப் பக்கவாட்டில்தான் நகர வேண்டும். அங்கே பூனைகூட அப்படித்தான் போகும், சத்தியமாக. பல ஆண்டுகளில் ஒரு தம்ளர் உடையவில்லை. அந்தப் பெருமை அலமாரிகளைச் சேர்ந்தது. மாப்பிள்ளையோ தன்னுடையது என்று மார்தட்டினார்.

"நடைன்னா ஒரே மாதிரி இருக்கணும் அண்ணி. கடையில நிக்கிற பொண்ணுங்க தடவைக்கு ஒரு மாதிரி நடக்குதுங்க. ஒழுக்கமே இல்ல" என்பார் என்னிடம், எங்கள் அகலமான கூடத்தில் பக்கவாட்டில் நகர்ந்தபடி.

"உங்களுக்கு இருந்தது ஒழுக்கமில்லங்க, வேற வழியில்ல" என்பாள் தங்கை.

கடை புதுக் கட்டடத்துக்கு மாறியது. புதுக் கிடங்கில் அலமாரிகளுக்கு நடுவே லாரியே திரும்பலாம். "ஒரு வாரம் பாக்குறேன். ஒழுங்கா நடந்தா நீதான் கிடங்குக்குத் தலைவர். இல்லேன்னா வேற ஆள்" என்றார் முதலாளி. மாப்பிள்ளை அன்றே உறவு முழுக்கச் சொல்லித் தலைவராகிவிட்டார்.

மறுநாள் தட்டோடு நின்றார். இடமா, வலமா, நேரா? கொஞ்சம் நேரே போனார், கொஞ்சம் வளைந்தார், எதிரே யாருமே இல்லாதபோது யாருக்கோ ஒதுங்கி வழிவிட்டார். தட்டு தம்ளர்களோடு கீழே போயிற்று.

"அண்ணே, ஒழுக்கம் சிதறிக் கிடக்கு, காலைப் பாத்து வைங்க!" என்றாள் கடைப்பெண் ஒருத்தி.

கைக்குழந்தைகூட விழுந்தால் வேறு விதமாக அடிவைத்துப் பார்க்கும். இவர் அலமாரிகளைத் தள்ளிப் பழையபடி நெருக்கி வைத்தார். பிறகு ஒன்றும் உடையவில்லை.

வாரக் கடைசியில், பதவி கொடுக்க முதலாளியே உள்ளே நுழைந்தார். பாதி வழியில் அலமாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றுபோனார். இரண்டு பக்கமும் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

"அசையாதீங்க முதலாளி! வயித்தை எக்குங்க!"

"எக்கினதுதான்யா இது! நான் வெளிய வந்த நிமிஷம் நீ வீட்டுக்குப் போற!"

அலமாரிகளைக் காலிசெய்து நகர்த்தி அவரை மீட்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை மாப்பிள்ளை வாசலில் நின்று, தட்டு சுமந்தவர்களை எல்லாம் "ஒரே மாதிரி நடங்கப்பா!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைவராக இருந்த ஒரே பகல் அது.