இடப்பக்கம் ஸ்டியரிங், வலப்பக்கம் சரோஜா: மாகறல் வரை ஒரு பயணம்

போன தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினோம். நானும் என் மனைவி சரோஜாவும். அவள் பிறந்த ஊர் அது. வண்டி, இத்தாலியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள். கம்பெனிப் பெயரை எழுதவில்லை, பெருமையடிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று கூச்சம்.

ஐம்பது வயது தாண்டிய கார்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று தெரிந்த பிறகும், ஓய்வூதியக்காரனுக்கு இது தேவையா என்று இரண்டு வருடம் யோசித்தேன். பிறகு ஜெனோவாவில் கப்பலேற்றி, சென்னைத் துறைமுகத்தில் மதிப்பீட்டுக்காகக் காத்திருந்து, பதிவு முடிந்து சாலைக்கு வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. சுங்கவரியும் கப்பல் கூலியும் சேர்ந்து வண்டியின் விலையைத் தாண்டிவிட்டன. ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரோஜாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் விருப்பமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "எங்க ஊருக்கு ஒரு தடவ போயி பத்திரமா வந்துட்டோம்னா வெச்சிக்கலாம். இல்லனா கேக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க." கோயம்புத்தூரில் ஒருவர் அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, வண்டி எங்களிடம் இருக்குமா போகுமா என்பது இந்தப் பயணத்தில்தான் இருந்தது.

இதில் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையில் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது முன்னால் ஒரு லாரி போகும்போதுதான் தெரியும். ஓட்டுகிறவனுக்கு லாரியின் பின்பக்கம் மட்டுமே தெரியும், எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரோஜா பார்த்து, "போலாங்க" என்பாள். நான் "நிச்சயமா?" என்பேன். அதற்குள் எதிரே ஏதாவது வந்துவிடும். "நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள லாரியே ஊருக்குப் போய்ச் சேந்துடும்" என்பாள். படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரை இப்படித்தான் வந்தோம். அங்கே இட்லியும் காபியும். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, வழக்கம்போல் வலப்பக்க ஜன்னலில் குனிந்தார்.

"மெதுவா முன்னாடி எடுங்கோம்மா."

"சாமி, எனக்கு ஸ்டியரிங்கே குடுக்கல. நான் சும்மா உக்காந்துக்கினு இருக்கேன். அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் சரோஜா. பூ விற்கிற அம்மாள் சிரித்த சிரிப்பில் குருக்களும் சேர்ந்துகொண்டார்.

சரோஜாவின் தங்கை கமலா வீடு பிள்ளையார்பாளையத்தில். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டியிருந்ததால் சரோஜா அங்கேயே தங்கிவிட்டாள். நான் மாகறல் சிவன் கோயிலைப் பார்த்ததில்லை. உத்திரமேரூர் சாலையில் பதினாறு கிலோமீட்டர். தனியாக ஓட்டிப் பார்க்க நல்ல தூரம் என்று தோன்றியது. "லாரி வந்தா பின்னாலயே போங்க. முந்தாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மூன்றரைக்குக் கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, எதையும் முந்தாமல் போய்ச் சேர்ந்தேன். மாலையில் நடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டமே இல்லை. கல்வெட்டுகளை நிதானமாகப் பார்க்கலாம்.

வெளியே வந்து எதிர்க்கடையில் டீ சொன்னேன். கடைக்காரர் இரண்டு கிளாஸ் எடுத்தார்.

"ஒண்ணு போதும்பா."

"அம்மாவுக்கு வேணாமா சார்?"

"எந்த அம்மா?"

"வண்டி ஓட்டிக்கினு வந்தாங்களே." கையால் காரைக் காட்டினார். வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது.

"நான் தனியாத்தான் வந்தேன்" என்றேன். அவர் என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கிளாஸைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். "சரி சார்" என்றார். டீக்குக் காசு வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டுகிறவர் வலப்பக்கம்தான் இருப்பார் என்று பழகிய கண், அங்கே ஓர் ஆளை வைத்துக்கொள்ளும். குருக்கள் செய்த தவறுதான் இதுவும். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

சிறிது தூரத்தில் ஒரு ஜல்லி லாரி. அதன் பின்னாலேயே போனேன். புழுதி. வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். வலப்பக்கத்திலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது.

"போலாம்."

கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பியும்விட்டது. பழக்கதோஷத்தில் "நிச்சயமா?" என்று கேட்டுத் திரும்பினேன். இருக்கையில் யாரும் இல்லை. பிரேக்கை மிதித்து இடப்பக்கம் ஒடித்த அதே கணத்தில் எதிரே ஒரு பஸ் லாரியை உரசுவதுபோல் கடந்து போனது. அதன் ஹாரன் முடிந்த பிறகும் என் காதில் இருந்தது.

ஓரமாக நிறுத்தி, அந்த லாரி கண்ணுக்கு மறையும்வரை உட்கார்ந்திருந்தேன். காதுக் கோளாறாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற குரல் இல்லை. உள்ளறையிலிருந்து வாசலுக்குக் கேட்கும்படி சொல்வதுபோல் உரக்க இருந்தது.

கமலா வீட்டில் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். சரோஜா கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவள், "எத்தன மணி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சே முக்கால்."

கமலாதான் பேசினாள். "மாமா, அப்பதான் நாங்க பொடவக் கடைக்குக் கெளம்பினோம். நான் வாசல்ல செருப்பு மாட்டிக்கினு, போலாமாக்கான்னு கேட்டேன். அக்கா உள்ள இருந்து போலாம்னு..." சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவளுக்குதாங்க சொன்னேன்" என்றாள். பிறகு இன்னொரு முறையும் அதையே சொன்னாள்.

மறுநாள் திரும்பும்போது சரோஜா பேசவே இல்லை. வழி இருந்தால் என் தோளில் தட்டுவாள். நான் திரும்பிப் பார்த்து, அவள் தலையாட்டிய பிறகுதான் முந்தினேன். மதியம் ஒரு மணிக்கு வீடு. நான் கோயம்புத்தூர்க்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, "பத்திரமா வந்துட்டோம் இல்ல? சொன்ன பேச்சு சொன்னதுதான். வெச்சிக்குங்க" என்றாள். எனக்கு இன்னும் அதில் முழுச் சம்மதம் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் குறுகல், தாழ்வான வண்டியைப் பெரிய சாலையிலேயே நிறுத்துங்கள். மாகறலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் ஜல்லி லாரிகள் அதிகம். இடப்பக்க ஸ்டியரிங் வைத்திருப்பவர்கள் வலப்பக்கம் ஆள் இல்லாமல் எதையும் முந்த வேண்டாம். குரல் கேட்டாலும் திரும்பி ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வருகிறேன், பேட்டரிக்காக. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டம்மா சரோஜாவைக் கடைக்குக் கூப்பிட வருவாராம். போன வாரம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "என்ன சார், அம்மாவுக்கு எம்மேல கோவமா? போலாமான்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. பைய எடுத்துக்கினு கம்முனு கூட வர்றாங்க."