தெருவில் நின்ற பீரோவும் அம்மாவின் நாடாவும்

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது அம்மா சொல்லி வாங்கிய கட்டிலோ பீரோவோ சோபாவோ இருக்கும். மீதிப் பேர், அம்மா "வேணாம்" என்று சொல்லியும் கேட்காமல் வாங்கி, பிறகு அவரிடமே வந்து நின்றவர்கள். இரண்டு தரப்பாருக்கும் மகளாகிய என் வணக்கம்.

அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லித் தம்பி கேட்டபோது, 'பொறுமையின் சிகரம்' என்றெல்லாம் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம் இருந்தது. தனக்குச் சேர்ந்தது எதுவும் தெருவில் நிற்கக் கூடாது என்ற பிடிவாதம். அது எங்கே தொடங்கியது, கடைசி நாளில் எப்படி முடிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அம்மா பிறந்தார். தாத்தாவுக்குச் சொந்த நிலம் இல்லை. அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியும் மல்லாட்டைக் கடலை பிடுங்கியும் பிள்ளைகளை வளர்த்தார். அம்மாவை எட்டாம் வகுப்பு வரை படிக்கவைத்தார். திண்டிவனத்தில் அப்பாவுக்கு நிச்சயமானபோது, பெண்ணுக்கு இரும்பு பீரோ கொடுப்பதாகச் சபையில் சொல்லிவிட்டார். அவர் வம்சத்தில் அதுவரை யாரும் பீரோ வாங்கியதில்லை.

தாத்தா அளக்காமல் வாங்கினார் என்று சொல்ல முடியாது. தாம்பூலம் மாற்றப் போன அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டு வாசற்காலை யாரும் பார்க்காத நேரத்தில் சாண் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே போய் அளக்கத்தான் அவருக்குக் கூச்சம். பெண் கொடுப்பவர் சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்து நீளம் அகலம் பார்த்தால், "எங்க வூடு பத்தாதுன்னு அளக்க வந்தியா?" என்று பேச்சு வந்துவிடும். நம் பக்கத்தில் இன்றும் அப்படித்தான். வாசலைத் தாண்டி நாலடியில் ஒரு மண் தடுப்புச் சுவர் இருந்தது. பீரோ ஆறரை அடி. நிமிர்த்தித் தூக்கினால் நிலை மேலே இடித்தது. படுக்கவைத்துத் தூக்கினால் சுவர் எதிரே மறித்தது. கல்யாணத்துக்கு வந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பீரோ தெருவிலேயே நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். கல்யாணமான புதுப்பெண் தினமும் காலையில் தெருவில் நின்று பீரோவைத் திறந்து, தெரு பார்க்கப் புடவை எடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண்கள், "இன்னா பொண்ணு, இன்னிக்கி இன்னா கலரு?" என்று கேட்பார்களாம். மாமியாரோ, "உங்கப்பன் குடுத்த சீரு தெருவ காவல் காக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். அடிப்பகுதியில் துரு ஏறத் தொடங்கியது.

கார்த்திகை அமாவாசைக்கு மாமியார் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனார். அங்கே இரவு தங்கி மறுநாள்தான் திரும்புவார். அவர் பஸ் ஏறிய கையோடு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். அப்பா, "ஏம்மே, அம்மா வந்தா இன்னா சொல்லுவேன்?" என்று கேட்டார். "உங்கம்மா வர்றதுக்குள்ள மண்ண வாரிக் கொட்டிடலாம், நீ கூடைய எடு" என்றார் அம்மா. பொழுது சாய்வதற்குள் சுவர் இல்லை. பீரோ வீட்டுக்குள் இருந்தது. மறுநாள் குங்குமத்தோடு வந்து இறங்கிய மாமியார் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, பீரோ கண்ணாடியில் முகம் பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாராம். இதை அம்மா சொல்லும்போதெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். அந்த மூன்று மாதம் அவருக்குச் சிரிப்பாக இருந்ததே இல்லை.

அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். தம்பி ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே அம்மா விழுப்புரத்தில் ஒரு பர்னிச்சர் கடையில் துடைத்துப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் திண்டிவனத்தில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. துடைக்கிறவர் எப்படி விற்கிறவர் ஆனார் என்று கேட்டால், "தொடைக்கிறவளுக்குத்தான் எது ஆடுது, எது பேந்து வருதுன்னு தெரியும்" என்பார். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கையை விட்டுப் பழகியவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய ஆயுதம் பாவாடை நாடா. கட்டில் வேண்டும் என்று யாராவது வந்தால், விலை சொல்வதற்கு முன் ஒரு புது நாடாவை வெட்டிக் கையில் கொடுப்பார். "வாசலு, உள்ள திரும்புற எடம், மாடின்னா படிக்கட்டு மொடக்கு, போடப்போற எடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு போட்டுக்கினு வாங்க. அப்புறம் வெல பேசலாம்." டேப் வைத்து அளந்தால் எண் மறந்துபோகும், முடிச்சு மறக்காது என்பது அவர் கட்சி. முதலாளிக்கு முதலில் இது பேஜாராக இருந்தது.

"இன்னாம்மா, வர்ற கிராக்கிய எல்லாம் தொரத்தி வுட்டுக்கினு இருக்கற?"

"தொரத்தலங்க மொதலாளி. திரும்பி வர்ற மாதிரி அனுப்புறேன்."

திரும்பி வந்தார்கள். முதலாளியே நாடாவை மொத்தமாக வாங்கிப்போடும் நிலைமை வந்தது.

ஒருமுறை, மகளுக்குச் சீர் வாங்க வந்த ஒருவர் கடையிலேயே பெரிய கட்டிலைக் காட்டி, "இதாம்மா வேணும், பில்லு போடு" என்றார். மாப்பிள்ளை வீட்டை அளந்தீர்களா என்று அம்மா கேட்டதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு அவர் முகத்தில் தாத்தா தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பெண்களோடு பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு, உறவுக்காரியைப் போல மாப்பிள்ளை வீட்டுக்குள் போனார். தண்ணீர் கேட்டார், கை கழுவ இடம் கேட்டார், படுக்கையறை வரை போய் இடுப்பில் செருகியிருந்த நாடாவில் நாலு முடிச்சோடு திரும்பினார். பெரிய கட்டில் அந்த அறையில் போட்டால் கதவு மூடாது. சின்னதுதான் போனது. அம்மா இறந்த சேதி கேட்டு அந்த மகள் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அழுததை நான் மறக்க மாட்டேன்.

அம்மா சொன்னதையெல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. நினைவில் நிற்பதைச் சொல்கிறேன். சோபாவைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்; கடையில் கால் மணி நேரம் உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் எழுந்திருக்காதீர்கள். வீட்டில் யாருக்கு முட்டி வலியோ அவரைக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள், அவரால் கை ஊன்றாமல் எழ முடிந்தால் அதுதான் உங்கள் சோபா. மேசையை ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டிராயரை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பலகையைத் தட்டுங்கள். முன்பக்கம் எல்லாரும் பளபளவென்று செய்வார்கள், முதுகைப் பார்த்தால்தான் செய்தவர் மனசு தெரியும்.

வாங்கி வந்த பிறகு முதல் வேலை, பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பது. நம் ஆட்கள் அழுக்காகிவிடும் என்று மெத்தையையும் சோபாவையும் உறையோடே வைத்து, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடித்த பிறகு பிரிப்பார்கள். "ஒக்கார வாங்குனியா, பாத்துக்கினு இருக்க வாங்குனியா?" என்று அம்மா நேராகவே கேட்டுவிடுவார். எதையும் சுவரில் ஒட்டிப் போடக் கூடாது, ஒரு கை நுழைய இடம் வேண்டும். ஈரம் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும். ஒட்டுப்பலகை சாமான்களுக்கு ஈரத்துணி ஆகாது, காலுக்கு ரப்பர் புஷ் போட்டால் தரை துடைக்கிற தண்ணீர் ஏறாது. மழைக்காலத்தில் மரக்கதவு இறுகினால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள், மாசி வெயிலில் தானாகச் சுருங்கிவிடும். டிராயர் முரண்டு பிடித்தால் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

அலங்காரம் என்று கேட்டால், "ரெண்டு பேரு இடிச்சிக்காம நடக்கணும், அதான் அலங்காரம்" என்பார். அதற்குமேல் அவர் செய்தது, பழைய பட்டுப்புடவையின் நல்ல பகுதியை வெட்டித் தலையணை உறை தைத்ததும், ஜன்னலை மறைத்து எதையும் வைக்க விடாததும்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் முதலில் அதில் உட்கார வேண்டும். அவர்கள் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள். "சொமந்தவங்க ஒக்காராம நாங்க எப்படி ஒக்கார்றது? வாங்கண்ணா" என்று கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்து டீ கொடுத்துத்தான் அனுப்புவார். மண்டியில் மூட்டை தூக்கியவரின் மனைவி அவர்.

தம்பி வேலைக்குப் போனதும் பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். வாசற்கால் வைக்கும்போது அம்மா பக்கத்திலேயே நின்று மேஸ்திரியிடம் நாடாவை நீட்டி மூன்றரை அடிக்கு வைக்கச் சொன்னார். "அரமனையாம்மா இது?" என்றார் மேஸ்திரி. "பீரோ படுத்துக்கினு போவணும், அவ்ளோதான்" என்றார் அம்மா.

இரண்டாண்டுகளுக்கு முன் உடம்பு படுத்தத் தொடங்கியது. முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் எங்களிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அம்மா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுவாரம் தம்பியைக் கூப்பிட்டு, ஹாலில் இருந்த ஷோகேஸைப் பின்னறைக்குத் தூக்கச் சொன்னார். தம்பி ஆசையாகச் செய்துபோட்ட ஷோகேஸ் அது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கும்மா? அது பாட்டுக்கு இருக்கட்டும். படுத்துக்கினு கூட உனக்கு இதே வேலையா?"

"தூக்குடா. சோபாவ அந்தப் பக்கம் செவுத்துக்குத் தள்ளு. டைனிங் டேபிள மாடிக்கு ஏத்திடு."

ஹால் ஓரமாகப் போட்டிருந்த கட்டிலில் படுத்தபடியே நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஹால் நடுவில் பிடிக்கச் சொன்னார். அதில் கறுப்பு நூல் கட்டிய புது முடிச்சு ஒன்று இருந்தது. "இந்த நீளத்துக்கு நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார். ஏதோ திவான் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்து, "இன்னாம்மா வாங்கப் போற?" என்று நான் கேட்டேன். "வர்றப்ப தெரியும்டி" என்று நாடாவைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நகர்த்தினான். அவன் அன்று கத்தியதை நினைத்து இன்றும் நொந்துகொள்கிறான். அவனுக்கு இந்த மலரிலேயே சொல்கிறேன்: கத்தினாலும் நகர்த்தினாய், அம்மாவுக்கு அது போதும்.

அம்மா போன அன்று விடியலிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பந்தல்காரர்கள் நட்ட கம்பு நிற்கவில்லை. அம்மாவை வைக்கக் குளிர்பெட்டி வந்து வாசலில் இறங்கியது. தூக்கி வந்த நால்வரில் ஒருவர், "இத்தினி நீளப் பொட்டி வூட்டுக்குள்ள திரும்பாதும்மா, எல்லா வூட்லயும் வெளிய வெக்கிறதுதான்" என்றார். அத்தை, அப்பாவின் தங்கை, அழுகைக்கு நடுவில், "தார்பா கட்டி தெருவுலயே வெச்சிடலாம், வேற வழியில்ல" என்றார். தார்ப்பாய் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"முடியாது அத்த. எங்கம்மா தெருவுல இருக்க மாட்டாங்க. தூக்குங்கண்ணா" என்றேன்.

தூக்கினார்கள். பெட்டி வாசற்காலில் உரசாமல் நுழைந்தது. திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ஷோகேஸ் நின்ற இடத்தைத் தாண்டி நேராக ஹால் நடுவில் போய் அமர்ந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையணைக்கு அடியிலிருந்து நாடாவை எடுத்து வந்து பெட்டியின் மேல் வைத்தேன். கறுப்பு முடிச்சு பெட்டியின் நீளத்தைத் தாண்டி ஒரு கை அகலத்தில் இருந்தது. எதிர்வீட்டு அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் மாமனார் இறந்தபோது அம்மா வந்து, பெட்டியின் ஓரமாக உட்கார்ந்து, நாடாவை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாராம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாராம். நானும் தம்பியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதோம். வந்தவர்கள் அத்தனை பேரும் மழையில் நனையாமல் அம்மாவைச் சுற்றி உட்கார இடம் இருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். முண்டியம்பாக்கத்தில் அம்மாவைத் தங்கள் தாயாகக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள். வேலைக்குச் சேர்த்து, அம்மாவின் பிடிவாதத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்ட கடை முதலாளி. பதினாறு நாளும் எங்களுக்கு அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்கள். சத்தியத்தைக் காப்பாற்றிய எதிர்வீட்டு அக்கா. கடைசிவரை மயானத்தில் நனைந்துகொண்டு நின்ற உறவினர்கள். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அம்மா கொடுத்த நாடா இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெயர் தெரியாத நால்வருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சேற்றுக்காலோடு வாசலில் ஒதுங்கி நின்றவர்கள். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, அம்மா சுவரோரம் தள்ளிப்போடச் சொன்ன அந்தச் சோபாவில் நால்வரும் உட்கார்ந்தார்கள்.