மெர்வின் கேட்ட வார்னிஷ்

காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. மெர்வினின் மனைவி நோலீன் பேசினாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்துபோன மனிதர் சமையலறையிலேயே சரிந்துவிட்டாராம். இதயம் நின்றுவிட்டது.

ஹெக்டர் மக்ளூர் ரிசீவரை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். பழைய சிநேகிதர் மெர்வினுடைய மான் வேட்டைத் துப்பாக்கியின், தோளில் அணைக்கும் மரக்கட்டை அங்கே கம்பியில் தொங்கியது. தொட்டால் விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

டுவாட்டபெரே மர ஆலையில் நாற்பது வருடம் ரம்பம் தீட்டியவர் ஹெக்டர். ஓய்வுபெற்ற பிறகு, அந்த ஊரில் யாருடைய துப்பாக்கிக் கட்டை கீறினாலும் கறுத்தாலும் அவரிடம்தான் வரும். பழைய பூச்சை உரித்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, உள்ளங்கை சுடும்வரை தேய்ப்பார். ஒரு வாரத்துக்குத் தினமும், ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை, அப்புறம் ஆயுசுக்கும் வருடம் ஒருமுறை. வார்னிஷ் கேட்டு வந்தவர்களைச் சாப்பாட்டு மேசைக்குப் பூசிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார்.

போன மாதம் மெர்வினே அதைக் கேட்டார்.

"இந்தத் தடவ வார்னிஷ்தான்டா. கண்ணாடி மாதிரி, கெட்டியா."

"மரத்துக்கு ஏண்டா ரெயின்கோட்டு?"

"நம்ம ஊரு மழைக்கு அதான் வேணும். பேசாம பூசு."

"ஒரு கீறல் விழுந்தா மொத்தத்தையும் உரிக்கணும். எண்ணெய்னா அந்த எடத்துல தேய்ச்சாப் போதும்."

மெர்வின் தான் வாங்கிவந்த வார்னிஷ் டப்பாவைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். ஹெக்டரும் சரி என்றுதான் தலையாட்டினார். ஆனால் பூசியது எண்ணெய். முடிந்த பிறகு கையில் வாங்கித் தடவிப் பார்த்தால் பயல் ஒத்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு.

அடக்கம் முடிந்து, மண்டபத்தில் சீஸ் ரோலும் தேநீரும் சுற்றிவந்தன. மெர்வினின் மகள் கிர்ஸ்டி ஹெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளஃப் துறைமுகத்து மீன்பிடிப் படகில் வேலை செய்பவள். துப்பாக்கி உரிமம் அவளிடமும் உண்டு.

"வார்னிஷ் காஞ்சிருச்சா மாமா?"

ஹெக்டர் உள்ளதைச் சொன்னார். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது எனக்காக மாமா. பத்து மாசம் கடல்ல கிடக்கேன், வருஷா வருஷம் எண்ணெய் போட எனக்கு ஏது நேரம்? இதயம் சரியில்லன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து துப்பாக்கிய எங்கிட்டக் குடுக்கணும்னே அப்பாவுக்கு நெனப்பு."

"அவன் எங்கிட்ட சொல்லலியே, கண்ணு."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. எண்ணெயா வார்னிஷா என்று அத்தனை வாதாடியவருக்கு யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வாரத்தில் கரைக்கு வருவதாகவும், ஏப்ரலில் இணைசேரும் பருவத்தில் கலைமான்கள் கத்தத் தொடங்கும்போது அந்தத் துப்பாக்கியோடுதான் மலைக்குப் போவதாகவும் சொல்லிவிட்டுக் கிர்ஸ்டி எழுந்தாள்.

காயாத எண்ணெய்மேல் வார்னிஷ் ஒட்டாது. டர்பன்டைனால் துடைத்து, மூன்று வாரம் கணப்பருகே உலர்த்தி, உப்புத்தாள் போட்டார். மெர்வினின் கன்னம் பதிந்து பதிந்து கறுத்த இடத்தை முதல் தடவை தாள் படாமல் காப்பாற்றியிருந்தார். இப்போது அங்கேயும் எண்ணெய் இறங்கியிருந்தது. அதையும் தேய்த்தார். புது மரமாக வெளுத்தது.

கிர்ஸ்டியின் படகு கரை சேர்ந்த வெள்ளிக்கிழமை, கட்டையில் நான்கு பூச்சு வார்னிஷ் காய்ந்திருந்தது. தொங்கவிடக் கொக்கி திருகிய அடிமுனையில் மட்டும், கொக்கியைக் கழற்றினால்தான் பூச முடியும் என்பதால், இன்னும் ஒரு பூச்சுகூட ஏறவில்லை.